ஓடியவனைப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை

சின்னவளின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் ஒன்றை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் பள்ளி அளவில் நடந்த தேர்வு. நூற்றுக்கு 31. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில், வினாத்தாளில் இருந்த கழித்தல் குறியைக் கூட்டலாக எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரு படிகூடத் தவறாமல் கடைசிவரை போட்டு முடித்திருக்கிறாள். இன்னொரு கணக்கு நாலாவது வரியோடு நிற்கிறது. அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து போட்டாள். தாளின் மேலே ஆசிரியர் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நானும் ஆசிரியைதான். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவருகிறேன். அந்தச் சொல்லை எத்தனை நோட்டில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுதிய ஒவ்வொரு முறையும் அதை ஒரு கண்டிப்பாகத்தான் நினைத்தேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அளவு மீறிய துறுதுறுப்பு இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும் குறைபாடு) என்ற பெயர் புதிதில்லை. மூத்தவனுக்கு அது இருப்பது அதற்குப் பத்து வருடம் முன்பே தெரியும். மருத்துவரைப் பார்த்து, படித்து, பழகி, மற்ற பெற்றோருக்கு யோசனை சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன். அப்படியும் பெண்ணிடம் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். எப்படித் தவறினேன் என்று தெரிந்தால் இன்னும் சில வீடுகளாவது தவறாமல் இருக்கும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மூத்தவன் 2004இல் பிறந்தவன். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவன் நடந்ததே இல்லை, ஓட்டம்தான். சாப்பாட்டை அவன் பின்னாலேயே தூக்கிக்கொண்டு போய் ஊட்டுவேன். கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டோம். ஒன்றாம் வகுப்பில் வாரம் ஒரு முறை பள்ளியிலிருந்து அழைப்பு வரும். பக்கத்துப் பையனைத் தள்ளினான், கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துகிறான், உட்காரச் சொன்னால் பெஞ்சு மேல் நிற்கிறான். மாமியார் மட்டும், “இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், வளர்ந்தா சரியாயிடும்” என்பார். இரண்டாம் வகுப்பில் ஜன்னல் திட்டிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டான். எலும்புக்குக் கட்டுப் போட்ட மருத்துவர்தான், திருச்சியில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அது 2011.

திருச்சி மருத்துவர் பையனைப் பார்த்ததைவிட எங்களைக் கேட்டதுதான் அதிகம். எத்தனை மாதமாக இப்படி இருக்கிறான், வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா, எந்த வயதில் முதலில் கவனித்தீர்கள் என்று மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டார். குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும், ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது என்றார். காது, கண் இரண்டையும் முதலில் சோதித்துவிட்டு வரச் சொன்னார். அப்புறம் வாண்டர்பில்ட் என்ற அளவீட்டுப் படிவம். பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43 கேள்வி. பள்ளியில் நிரப்பி வந்த தாளையும் நாங்கள் நிரப்பிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டில் அடங்காத பிள்ளை பள்ளியில் ஒழுங்காக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும் என்றார்.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: “இந்த ஓட்டம் வயசோட குறைஞ்சிடும்மா. கவனம்தான் பின்னாடி படிப்பைப் பிடிச்சு இழுக்கும். அதை விட்டுடாதீங்க.” இரண்டாவது: “இன்னொரு குழந்தை இருக்குன்னு சொன்னீங்களே, அதையும் பாத்துக்குங்க. இது குடும்பத்துல வரும்.”

உண்மைதான். இது குழந்தைக்குக் குழந்தை எவ்வளவு மாறுபடுகிறது என்பதில் முக்கால் பங்கு மரபணுவைப் பொறுத்தது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மாமியார் சொன்னதும் ஒரு வகையில் அதேதான். என் கணவர் பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை தவறியவர். அவர் இன்றைக்கும் கடைச் சாவியை வைத்த இடம் மறந்து தேடுவார். அன்று அந்த அறையில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

மருத்துவர் சொன்னபடி சின்னவளை நான் கவனித்தேன். அப்போது அவளுக்கு நாலு வயது. ஓடுகிறாளா என்று பார்த்தேன். ஓடவில்லை. ஏறுகிறாளா, தள்ளுகிறாளா, கத்துகிறாளா? எதுவும் இல்லை. வைத்த இடத்தில் இருப்பாள். பூந்தொட்டிப் பக்கம் உட்கார்ந்தால் அரை மணி நேரம் எறும்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளாவது தப்பித்தாளே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கவனம்தான் படிப்பை இழுக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஓட்டத்தை மட்டும் தேடினேன்.

மூத்தவன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மீதைல்ஃபெனிடேட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அதை நினைத்தபோது கடையில் வாங்க முடியாது. மருத்துவர் இரண்டு பிரதியில் சீட்டு எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்துக்கொள்வார். ஆரம்பத்தில் அதற்காகத் திருச்சிக்கே போய் வந்தோம். பசி குறையும் என்று முன்பே சொல்லியிருந்ததால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மாத்திரை. சாயங்காலம் மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு பசியோடு வருவான், அப்போது இன்னொரு சாப்பாடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அவனுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியை பெரிய மனசுக்காரர். சாக்பீஸ் எடுத்து வா, வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா என்று மணிக்கு ஒரு முறை அவனை எழுப்பி அனுப்புவார். கடைசி வரிசையில் நின்றுகொண்டு எழுத விட்டார். 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்துத் தேர்ச்சி கொடுத்தார்கள். 2022இல் பிளஸ் டூ எழுதித் தேறினான், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தான், இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எந்திரப் பராமரிப்பு வேலை. எல்லாரும் அவனைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அந்தப் புகாரால்தான் அவனுக்கு ஏழு வயதிலேயே உதவி கிடைத்தது.

சின்னவளைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. “ரொம்ப அமைதியான பொண்ணு டீச்சர்” என்பார்கள். ஐந்தாம் வகுப்புவரை ஒரே ஆசிரியை, ஒரே அறை. பாடம் பெரும்பாலும் வாய்மொழி. அந்த ஆசிரியை பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, “எழுதும்மா” என்று சொன்னால் எழுதிவிடுவாள். 85, 90 என்று வாங்கினாள். ஆறாவதில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். 40 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும், நோட்டு மாறும். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுவது அதிகம். தோளைத் தொட யாரும் இல்லை. ஏழாவதில் 65க்கு வந்தாள், எட்டாவதில் 50.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. ஆறாவதில், புதுப் பள்ளி. ஏழாவதில், வயசுக்கு வந்துவிட்டாள், உடம்பு தளர்ந்திருக்கிறது. எட்டாவதில் கொரோனா. நடுவில் கண்ணாடி போட்டோம், அதனால் சரியாகும் என்று நினைத்தோம். கணக்குக்கு ஒரு டியூஷன், அறிவியலுக்கு ஒரு டியூஷன் சேர்த்தோம். பள்ளியில் எட்டு பாடவேளை முழுக்க மனதை இழுத்துப் பிடித்துக் களைத்து வந்த குழந்தையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் இன்னொரு பெஞ்சில் உட்கார வைத்தோம். மதிப்பெண் இன்னும் இறங்கியது.

ஊரடங்கு காலத்தில்தான் என் கண் முன்னாலேயே அது நடந்தது. செல்போனில் வகுப்பு. அவள் ஒரு மூலையில், நான் என் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்பிக்கொண்டு எதிர் மூலையில். போனையே பார்த்துக்கொண்டிருப்பாள், அசைய மாட்டாள். வகுப்பு முடிந்ததும் என்ன பாடம் என்று கேட்டால் விழிப்பாள். ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. மெதுவாகச் சொன்னாள்: “கேட்டுக்கிட்டுதாம்மா இருந்தேன். அப்புறம் எங்க போனேன்னு தெரியல.”

அன்றும் எனக்கு விளங்கவில்லை. அந்த 31 மதிப்பெண் தாள் வந்த அன்று ராத்திரி, நானும் அவரும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது மூத்தவன்தான் குறுக்கே வந்தான். “அம்மா, இவளுக்கும் என்ன மாதிரிதாம்மா. எனக்கு வெளிய ஓட்டம், இவளுக்கு உள்ள ஓடுது. இது உனக்குத் தெரியலையா?” பதினேழு வயதுப் பையன் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுபடியும் திருச்சி. இந்த முறை மருத்துவர் வேறு. பதினாலு வயதில் வந்திருப்பதால், பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார். பரணில் அவளுடைய பழைய நோட்டுகள் கிடந்தன. மூன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டில் பாதியோடு நின்ற வாக்கியங்கள். நாலாம் வகுப்பு ரேங்க் கார்டில், ‘நன்றாகப் படிக்கிறாள், வேலையை முடிப்பதில்லை’ என்று ஆசிரியை எழுதியது. எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது. பிள்ளைகளின் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடும்போது வகுப்புக்கு ஒரு நோட்டையும் ரேங்க் கார்டையுமாவது எடுத்து வையுங்கள். பின்னால் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு நம் ஞாபகத்தைவிட அந்தத் தாள்கள் சரியாகப் பதில் சொல்லும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். அப்போதுதான், “நான் மக்கு, எனக்குப் படிப்பு வராது” என்று அவள் இரண்டு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கடைசியில், கவனக்குறைவு மேலோங்கிய வகை என்று எழுதிக் கொடுத்தார். ஏ.டி.எச்.டி.யில் இப்படி ஒரு வகை உண்டு, ஓட்டம் பெரிதாக இருக்காது. பெண் குழந்தைகளிடம் தவறவிடப்படுவது பெரும்பாலும் இந்த வகைதான், ஏனென்றால் அவர்களால் வகுப்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். கனடாவின் கியூபெக்கில் சுமார் 2,000 குழந்தைகளை ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஆசிரியர்களும் தாய்மாரும் வருடாவருடம் மதிப்பிட்டிருக்கிறார்கள். பிறகு அவர்கள் 22, 23 வயதை எட்டியபோது பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் யார் என்று பார்த்திருக்கிறார்கள். 2011இல் வந்த ஆய்வு அது. கவனக்குறைவு தொடர்ந்து அதிகமாக இருந்தவர்களில் பத்தில் மூன்று பேர்தான் முடித்திருந்தார்கள். குறைவாக இருந்தவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர். கவனக்குறைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டபின், துள்ளலும் ஓட்டமும் மட்டும் படிப்பு முடிவதைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. இங்கிலாந்திலும் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழு வயதில் பெற்றோர் குறித்த கவனக்குறைவு அறிகுறி ஒரு புள்ளி கூடினாலும் பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் மதிப்பெண் இறங்குகிறது. நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாத குழந்தைகளிடமும் அதே இறக்கம்தான். 2011இல் திருச்சி மருத்துவர் ஒரே வரியில் சொன்னதைத்தான் இத்தனை எண்களில் படித்தேன்.

இது ஏன் என்று ஒரு ஆசிரியையாக யோசித்தேன். ஓடுகிற பிள்ளை ஓடுவதற்கு நடுவிலும் பாடத்தைப் பிடித்துவிடலாம். மூத்தவன் பெஞ்சு மேல் நின்றுகொண்டே வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டான். கவனம் நழுவுகிற பிள்ளைக்கு, நழுவிய நாலு நிமிடத்தில் சொன்னது போய்விடுகிறது. கதை என்றால் பரவாயில்லை, விட்ட இடத்தை ஊகித்துக்கொள்ளலாம். கணக்கு அப்படி இல்லை. ஏழாவதில் குறிகளைப் பற்றிச் சொன்ன நாலு நிமிடம் போனால், எட்டாவதில் சமன்பாடு புரியாது. ஒன்பதாவதில் பல்லுறுப்புக் கோவை புரியாது. அதோடு, கரும்பலகையில் பார்த்ததை நோட்டுக்கு வரும்வரை மனதில் வைத்திருப்பதும் ஒரு வேலை. சின்னவளுக்கு அந்தத் தூரத்துக்குள் ஒரு எண் மாறிவிடும். ஆகவே நோட்டில் இருப்பதும் தவறு. தேர்வுக்கு அந்தத் தவறான நோட்டைத்தான் படிப்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 2007இல் மூளைப் படங்களை வைத்துக் காட்டிய விஷயம். மூளையின் மேலுறையான புறணியில் பாதிப் பகுதி அதன் உச்சத் தடிமனை எட்டும் வயது, மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை, இந்தக் குழந்தைகளுக்குப் பத்தரை. வரிசை அதேதான், மூன்று வருடம் தாமதம். அதைப் படித்த பிறகு, பதினாலு வயதுப் பெண்ணிடம் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் துணையைக் கொடுப்பதில் எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது. ‘இவ்வளவு பெரிய பெண்ணுக்கு நான் டைரி பார்க்க வேண்டுமா’ என்று நினைத்துத்தான் ஆறாவதிலேயே கைவிட்டிருந்தேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் இருந்தது. முதலில் செய்தது இரண்டு டியூஷனையும் நிறுத்தியது. சொந்தக்காரர்கள் எல்லாம் பதறினார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அரை மணி அவள் சும்மா இருந்தாள், மீதியில் என்னோடு உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் உட்கார முடியாது என்பதால் சமையலறை டைமரை 12 நிமிடத்துக்கு வைத்தோம். பன்னிரண்டு நிமிடம் கணக்கு, மூன்று நிமிடம் எழுந்து தண்ணீர் குடித்து மாடிப்படி ஏறி இறங்கி வருவது, மறுபடி பன்னிரண்டு. நாலு சுற்று. செல்போனில் டைமர் வைத்துப் பார்த்தோம், அது போனுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தனி டைமர்தான் சரி.

குறி மாறும் தவறுக்குத்தான் அதிக நாள் ஆயிற்று. ‘கவனமாக எழுது’ என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. கவனம்தானே அவளிடம் குறைவு, அதையே மருந்தாகக் கேட்டால் எங்கே போவாள்? செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்ல வேண்டும். வினாத்தாளில் எல்லாக் குறிகளையும் முதலில் பென்சிலால் வட்டமிடுவது, கணக்கை எழுதியதும் இடது கை விரலை வினாத்தாளிலும் வலது கையை விடைத்தாளிலும் வைத்து ஒவ்வொரு குறியாக ஒத்துப் பார்ப்பது, அதன் பிறகுதான் இரண்டாவது வரி. தினமும் இதையே பழக்கினோம். மூன்று மாதத்தில் கை தானாகப் போக ஆரம்பித்தது.

தேர்வுத் தாளுக்கும் ஒரு வழி வகுத்தோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 14 ஒரு மதிப்பெண், பத்து இரண்டு மதிப்பெண், பத்து ஐந்து மதிப்பெண், கடைசியில் இரண்டு எட்டு மதிப்பெண். மூன்று மணி நேரம், அதற்கு முன் வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம். எல்லாரும் ஒரு மதிப்பெண்ணில் ஆரம்பிப்பார்கள். அவள் ஐந்து மதிப்பெண்ணில் ஆரம்பித்தாள், மனம் புதிதாக இருக்கும்போது நீளமான கணக்கு. ஒரு மணி நேரம் கழித்துக் களைப்பு வரும் இடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விகளை வைத்தோம், சின்னச் சின்னதாக இருப்பதால் மனம் திரும்பி வரும். முடித்த கேள்வியை மனதுக்குள் எண்ணிக்கொள்ளாமல் வினாத்தாளில் டிக் போட்டுவிட வேண்டும். நினைவை நம்பவே கூடாது, தாளில் இருக்க வேண்டும்.

பள்ளியில் மூன்று விஷயம்தான் கேட்டேன், அதிகம் கேட்டால் எதுவும் நடக்காது என்று ஆசிரியையாக எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் முதல் பெஞ்சு. கரும்பலகையில் எழுதியதை எழுதி முடித்தபின் பக்கத்துத் தோழியின் நோட்டோடு ஒப்பிட இரண்டு நிமிடம். வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டு அவள் மேசையில் ஒருமுறை விரலால் தட்டுவது. கணக்கு ஆசிரியர், அந்தச் சிவப்புக் கோடு போட்டவர், கடைசிவரை தட்டினார்.

மருந்தும் கொடுத்தார்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. அண்ணனுக்குக் கொடுத்தது அவளுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டுச் சீட்டை இன்னொரு வீட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மருந்து அவளை உட்கார்ந்து கேட்கும்படி செய்தது. ஏழாவதில் விட்டுப்போன குறிப் பாடத்தை மருந்து கற்றுக்கொடுக்காது. அதை நாங்கள் பழைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து மறுபடி நடத்தினோம். அவளுக்கு முதலில் அவமானமாக இருந்தது. அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து போட்டதால் ஒத்துக்கொண்டாள்.

பலிக்காதவையும் உண்டு. சொன்னதைச் செய்து முடித்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டும் அட்டை அண்ணனுக்கு வேலை செய்தது, அவளிடம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தவறைப் பத்து முறை எழுதச் சொல்வது நேர் எதிராகப் போயிற்று: மூன்றாவது முறைக்குப் பிறகு வேறு தவறு எழுதினாள். என் வகுப்பில் அந்தத் தண்டனையை அதோடு நிறுத்திவிட்டேன்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பல பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் 21 வகைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. இரண்டும் சேர்ந்து வருகிற குழந்தைகள் நிறைய உண்டு என்பதால் கற்றல் குறைபாட்டுக்காகப் பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனையையும் செய்து பார்ப்பது நல்லது. இருந்தால் சான்றிதழோடு பள்ளி மூலமாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சின்னவளுக்குச் சோதனையில் கற்றல் குறைபாடு இல்லை என்று வந்தது. கூடுதல் நேரம் இல்லை. மற்றவர்கள் எழுதிய அதே மூன்று மணி நேரத்தில் எழுதினாள். இது நியாயமில்லை என்பது என் எண்ணம். படிக்கத் தெரிந்தும் நேரத்தைப் பிடிக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தக் கூடுதல் நேரம் எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2023 ஏப்ரலில் எழுதினாள். 500க்கு 341, கணக்கில் 58. தெருவில் யாரும் கேட்டு வாழ்த்துகிற மதிப்பெண் இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது, “58ம்மா, அப்ப நான் மக்கு இல்லைல்ல?” என்றுதான். இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். விடுதி அறைக் கதவின் உள்பக்கம் சாவி, அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அதையும் மீறி மாதம் ஒரு பொருள் தொலைகிறது.

என் வகுப்பில் நான் செய்துகொண்ட மாற்றம் ஒன்று. ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்: ‘குறி மாறிவிட்டது’, ‘மூன்றாவது வரியில் நின்றுவிட்டாய்’, ‘கேள்வி 7ஐப் பார்க்கவே இல்லை’. இப்படி எழுத ஆரம்பித்ததும், ஒரே பிள்ளையின் நோட்டில் ஒரே விதமான தவறு மாதக் கணக்கில் வருவது எனக்கே தெரிகிறது. உடனே முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. வகுப்பிலேயே வயதில் சின்ன பிள்ளை வெறுமனே வயதுக்கேற்றபடிதான் இருக்கலாம். கனடாவில் ஒரு ஆய்வு, வருடக் கடைசியில் பிறந்து வகுப்பில் இளையவர்களாகிப்போன பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகமாக ஒட்டப்படுவதைக் காட்டியிருக்கிறது. ஆகவே முதலில் பிறந்த தேதியைப் பார்க்கிறேன். அப்புறம் கண், காது, காலைச் சாப்பாடு, தூக்கம், வீட்டு நிலைமை.

பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழுவிடம் முன்பெல்லாம் ஓடுகிற பிள்ளைகளை மட்டும் காட்டுவேன். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. அவர்கள் இப்படிப்பட்ட குறைபாடுகளைப் பரிசோதித்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைக்கலாம், செலவில்லை. திருச்சிக்குப் போக வசதியில்லாத வீடுகளுக்கு அது பெரிய விஷயம். இப்போது அமைதியான பிள்ளைகளின் நோட்டையும் எடுத்துக் காட்டுகிறேன்.

இந்த வருடம் நாலாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். எந்தத் தொந்தரவும் இல்லை. கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்புவாள். சமூக அறிவியல் நோட்டில் ஒரு பாடம்கூட முடியவில்லை. தோளைத் தொட்டால் எழுதுகிறாள். இரண்டு மாதமாகத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அவள் அம்மா ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். நேற்றுப் போனில் பேசினேன், “அவ என்னங்க டீச்சர் பண்ணிட்டா?” என்று பயந்துபோனார். ஒன்றும் பண்ணவில்லை, சும்மா பேசத்தான், முதலாம் வகுப்பிலிருந்து இருக்கிற பழைய நோட்டு எதுவும் போடாமல் வைத்திருந்தால் எடுத்து வாருங்கள் என்றேன். சனிக்கிழமை கடைக்குப் போவதற்கு முன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.